பத்தாயிரத்து மூன்று மணி நேரம்

இந்தக் காலத்தில் யாரும் எதையும் அணைப்பதில்லை. ஆள் எழுந்து போன அறையில் விசிறி சுற்றிக்கொண்டிருக்கிறது. பட்டப்பகலில் மாடிப்படியில் விளக்கு எரிகிறது. குழாயைத் திறந்துவிட்டவன் போனில் பேசிக்கொண்டே தெருமுனை வரை போய்விடுகிறான். கேட்டால், என்ன பெரியவரே இதனால் குடியா முழுகிவிடும் என்கிறான். முழுகத்தான் செய்யும். தண்ணீர் அவன் கட்டில் காலுக்கு வருகிறவரை அவனுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

எங்கள் தெருவில் இரண்டே பேர்தான் அணைக்கிற பழக்கம் உள்ளவர்கள். ஒன்று நான். இன்னொன்று எதிர்வீட்டு அம்மா. நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்துதான் அந்த அம்மாவின் வீட்டுக்காரர் முப்பது வருஷம் பார்த்த வேலையைப் படுக்க வைத்தோம். அதனால் நல்ல பழக்கம் என்று யாராவது சொன்னால் நான் அதையும் முழுசாக நம்புவதில்லை.

அவர் பொறியியல் கல்லூரியில் வாத்தியார். நான் அதே கல்லூரியில் பம்ப் பார்த்தவன். எட்டாம் வகுப்போடு சரி. அவருடைய ஆராய்ச்சிக்கூடத்தில் ஆள் உயரத்துக்கு ஒரு எஃகு அண்டா இருந்தது. அதற்குள் காற்று ஒரு பொட்டுக்கூட இருக்கக் கூடாது. உறிஞ்சி எடுக்கிற பம்புகள் சுவருக்குப் பின்பக்கம் வரிசையாக ஓடும். எண்ணெய் கறுத்தால் மாற்றுவது, குளிர்தண்ணீர்க் குழாயைப் புறங்கையால் தொட்டுப் பார்த்துச் சூடு ஏறாமல் பார்த்துக்கொள்வது, பெல்ட் சத்தம் மாறினால் எழுந்து ஓடுவது. இதுதான் என் வேலை. இருபத்திரண்டு வருஷம் அந்தச் சத்தத்தைக் கேட்டதில் என் இடது காது மந்தம்.

அண்டாவுக்குள் அவர் விளக்குக் கட்டுவார். கட்டுவது என்றால் செங்கல் அடுக்குவதுபோல அடுக்கடுக்காகத்தான். ஒரு தலைமுடியை ஆயிரமாகக் கீறினால் அதில் ஒரு கீற்று அளவு ஒரு அடுக்கு. நாள் முழுக்கக் கட்டினாலும் கையில் கிடைப்பது நகத்தளவு தட்டு. அதை நறுக்கினால் கடுகில் பாதி அளவுக்கு விளக்குகள். மின்சாரம் கொடுத்தால் எரியும் என்பார். நான் குனிந்து பார்ப்பேன். ஒன்றும் தெரியாது.

"கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம்ணே. டிவி ரிமோட் மூக்குல ஒண்ணு இருக்கே, அந்தச் சாதி."

அப்போதிலிருந்தே கல்லூரியில் அவருக்கு இருட்டு வாத்தியார் என்று பெயர். அந்தப் பெயரை வைத்தது நான்தான் என்று சிலர் சொல்வார்கள். இருக்கலாம்.

ரிமோட்டுக்குத்தான் ஏற்கெனவே இருக்கிறதே, நீங்கள் எதற்கு முப்பது வருஷமாக உட்கார்ந்து கட்டுகிறீர்கள் என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். அவர் கோபப்படவில்லை. மற்றவர்கள் விலை உயர்ந்த தட்டின் மேல் கட்டுகிறார்கள். கணிப்பொறிக்குள் எல்லாம் போடுகிற மலிவான தட்டு ஒன்று உண்டு, அதன் மேல் கட்டினால் விளக்கு சீக்கிரம் செத்துவிடுகிறது என்றார். அடித்தளம் ஒட்டாமல் விட்ட விரிசல் மாடி வரைக்கும் ஏறுகிற மாதிரி, தட்டிலிருந்து ஒரு கறுப்புக் கோடு கிளம்பி விளக்குக்குள் ஏறும். ஏறினால் தீர்ந்தது. அந்தக் கோட்டை மேலே விடாமல் பக்கவாட்டில் திருப்பிவிட நடுவில் சில அடுக்குகள் போட்டுப் பார்க்கிறேன் என்றார். அது பலித்தால் விளக்கும் கணிப்பொறியும் ஒரே தட்டில் குடியிருக்குமாம். ஊரில் உள்ள மற்ற வாத்தியார்கள் எல்லாம் முடியாது என்று சொல்லி வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். அவரிடம் படித்த பிள்ளைகளும் ஒவ்வொருவராகப் போனார்கள். என் வேலையின் கடைசி நாலு வருஷம் அந்தக் கூடத்தில் அவரும் பம்புகளும் நானும்தான்.

ஒன்று சொல்ல வேண்டும். பம்புக்கு ஒரு நோட்டு உண்டு. காலையும் மாலையும் முள் நிற்கிற எண்ணை எழுத வேண்டும். ஒரு தடவை என் வீட்டுக்காரிக்கு உடம்புக்கு முடியாமல், மூன்று நாள் எண்ணை முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டுப் போய்விட்டேன். வந்ததும் அவர் நோட்டைக் காட்டினார்.

"மூணு நாளா ஒரே நம்பர். செத்த பம்புதான்ணே இப்படி இருக்கும். உசுரோட இருக்கிறது கொஞ்சமாவது முன்னப் பின்னப் போகும்."

மேலிடத்துக்கு எழுதிப் போட்டிருக்கலாம். போடவில்லை. லீவு போட்டுவிட்டுப் போயிருக்கலாமே என்று மட்டும் கேட்டார். பொய்யெண் எழுதியவனைத் திட்டாமல் விட்டவரை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. அதனாலேயே அவர் மேல் எனக்குக் கொஞ்சநாள் எரிச்சலாக இருந்தது.

எனக்கு முதலிலும் அவருக்கு இரண்டு வருஷம் கழித்தும் ஓய்வு வந்தது. அவர் வெளியே வந்த வாரமே கூடத்தை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். அண்டாவைப் பிரித்துக்கொண்டு போனதைப் பார்க்க அவர் போகவில்லை. கடைசியாகக் கட்டின தட்டில் எட்டு விளக்கை மட்டும் ஒரு பெட்டிக்குள் பொருத்தி வீட்டுக்குக் கொண்டுவந்தார். வீட்டுக்காரம்மாவின் தையல் மிஷின் இருந்த பின்னறையில் பெட்டி ஏறியது. மிஷின் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் போனது.

வெளியூர்க் கம்பெனி ஒன்று அவருக்குச் சொல்லியிருந்தது: எட்டு விளக்கும் பத்தாயிரம் மணி நேரம் நடுவில் ஒரு தடவையும் அணையாமல் எரிந்தது என்று காட்டு, உன் அடுக்கை எடுத்துக்கொள்கிறோம். பத்தாயிரம் மணி என்றால் பதினாலு மாதம். முன்னால் இரண்டு தடவை முயன்றதில் விளக்குகள் எண்ணூறிலும் மூவாயிரத்திலும் செத்துவிட்டன. இந்தத் தடவை எட்டும் தாக்குப்பிடித்தன. அண்டாவே போன பிறகு இனிப் புதிதாகக் கட்டவும் வழியில்லை. அதற்காக மனிதர் பதினாலு மாதமும் வீட்டை விட்டு அரை நாள் சேர்ந்தாற்போல் நகரவில்லை. பெட்டிமேல் உருளுகிற எண்கள் உள்ள ஒரு மணிக்கணக்கு, அதன் பக்கத்தில் ஒரு முள். முள் நெட்டுக்குத்தாக இருந்தால் எட்டும் எரிகின்றன என்று அர்த்தம். காலை எட்டு, மாலை நாலு, நோட்டு. கரண்ட் போனால் தாங்க கீழே ஒரு பேட்டரி. எட்டு மணி நேரம் தாங்கும், தாங்குகிற நேரமெல்லாம் குருவிக்குஞ்சு மாதிரி கத்தும்.

அந்த அம்மா தபால் ஆபீசில் வேலை பார்த்தவர். வாழ்க்கையில் பாதி நாள் தனியாகச் சாப்பிட்டவர். எனக்கு ரொட்டி சுட்டு எடுத்துக்கொண்டு வரும்போது சொல்வார்:

"எனக்குச் சக்களத்தி எட்டுப் பேருண்ணே. ஒருத்தி மூஞ்சியையும் இன்னும் பாக்கல."

சொல்லிவிட்டுச் சிரிப்பார். அவர் போன பிறகும் அந்தச் சிரிப்பு கொஞ்ச நேரம் கதவுப் பக்கமே நிற்கிற மாதிரி எனக்கு இருக்கும். என் வீட்டுக்காரி போய் ஒன்பது வருஷம் ஆகிறது. இந்த மாதிரி விஷயம் தனியாக இருக்கிறவனுக்குச் சட்டென்று பிடிபடும்.

அவர்கள் மகள் ரயிலில் ஒரு பகல் ஒரு இரவு தூரத்தில் இருக்கிறாள். அவளுக்குப் பிரசவ நாள் நெருங்கியது. இரண்டு பேரும் அங்கேயே போய்விடுவது என்று முன்னமே பேச்சு. அவருக்கு ஓய்வு வந்ததும் போகலாம் என்றார்கள். ஓய்வு வந்ததும் பெட்டி முடிந்ததும் போகலாம் என்றார்கள். இன்னும் பதிமூன்று நாள் பாக்கி இருக்கும்போது மகள் போனில் அழுதாள். அம்மா கிளம்பிவிட்டார். அவருக்கு ரத்தக்கொதிப்பு உண்டு, தனியாக அனுப்ப முடியாது. கொண்டுபோய் விட்டுவிட்டு நாலாம் நாள் திரும்பி, மிச்சத்தை முடித்து, பிறகு ஒரேயடியாகப் போவது என்று வாத்தியார் ஏற்பாடு செய்தார். நடுவில் பெட்டியைப் பார்க்க ஆள் வேண்டும். சாவியை என்னிடம் கொடுத்தார்.

"ஒண்ணும் செய்ய வேணாம்ணே. காலைல எட்டு, சாயங்காலம் நாலு. வந்து முள்ளைப் பாத்து, அதுல இருக்கிற நம்பரை எழுதினா போதும். இருக்கிற நம்பரை."

கடைசி வார்த்தையை அழுத்திச் சொன்னதாக எனக்குப் பட்டது. படாமலும் இருந்திருக்கலாம்.

காலை ஒன்பது மணிக்கு அவர் பெட்டி படுக்கையை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார். அம்மா பின்னால் பூட்டிக்கொண்டு வந்தார். இப்போது அந்தப் பழக்கத்தைச் சொல்ல வேண்டும். கல்யாணம் ஆன புதிதில் இஸ்திரிப்பெட்டியை அணைக்காமல் இருவரும் ஊருக்குப் போய், திரும்பிவந்தால் மேஜை பாதி கரி. அன்றைக்கு வாத்தியார்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறார்: இனிமேல் வீட்டைப் பூட்டும்போது மெயினையே அணைத்துவிடு என்று. அதிலிருந்து அந்த அம்மா மெயினை அணைக்காமல் ஒருநாளும் வீட்டைப் பூட்டியதில்லை. பதினாலு மாதமாக இருவரும் சேர்ந்து வெளியே போகவே இல்லை, அதனால் அந்தப் பேச்சே எழவில்லை. பின்னறைச் சுவிட்சுக்கு மேலே 'தொடாதே' என்று சீட்டு ஒட்டியவர், வாசல் மெயினுக்கு ஒட்டவில்லை.

அன்றைக்கு மத்தியானத்திலிருந்து மழை. நாலு மணிக்கு நான் அடுப்பில் உருளைக்கிழங்கு வேகவைத்திருந்தேன். தெருவைத் தாண்ட இருபது அடி. முழங்கால் வலி வேறு. ஜன்னல் வழியாக எதிர்வீட்டைப் பார்த்தேன். கண்ணுக்கே தெரியாத விளக்குக்கு ஒரு சாயங்காலத்தில் என்ன வந்துவிடப் போகிறது என்று தோன்றியது. உள்ளதைச் சொல்கிறேன்: அது எரிகிறது என்றே நான் நம்பியதில்லை. ஒரு பெரிய மனிதர் வெறும் பெட்டியை முப்பது வருஷம் காவல் காக்கிறார், பாவம், என்றுதான் நினைத்திருந்தேன். உருளைக்கிழங்கை உரித்து உப்புப் போட்டுச் சாப்பிட்டுவிட்டுப் படுத்தேன்.

மறுநாள் காலை எட்டுக்குப் போனேன். ஃப்ரிட்ஜ் துடைத்துக் காலியாக்கி, கதவு மூடிக்கொள்ளாமல் ஒரு துணியைச் சொருகி வைத்திருந்தது. அதைப் பார்த்ததுமே உள்ளே ஓடினேன். பின்னறையில் ஒரு சத்தமும் இல்லை. முள் படுத்துக் கிடந்தது. மணிக்கணக்கு ஒன்பதாயிரத்து அறுநூற்றுத் தொண்ணூற்றாறில் நின்றுவிட்டிருந்தது. வாசலுக்கு வந்து மெயினைப் போட்டேன். திரும்பிப் போனால் முள் எழுந்து நிற்கிறது, எண் உருள ஆரம்பித்துவிட்டது. ஒன்றும் நடக்காத மாதிரி.

விரல் விட்டு எண்ணினேன். காலை ஒன்பதுக்கு மெயின் போனது. பேட்டரி எட்டு மணி நேரம் கத்தியிருக்கிறது. சாயங்காலம் ஐந்துக்கு வாயை மூடியிருக்கிறது. நான் நாலுக்கு வந்திருந்தால் கத்தல் காதில் விழுந்திருக்கும். மந்தமான காதிலும் விழுந்திருக்கும். ஐந்திலிருந்து காலை எட்டு வரை பதினைந்து மணி நேரம் பெட்டி செத்துக் கிடந்திருக்கிறது.

நோட்டு திறந்திருந்தது. நேற்று மாலைக் கட்டம் காலி. பேனாவை எடுத்தேன். முந்தின எண்ணைக் கொஞ்சம் முன்னே பின்னே மாற்றிப் போட்டால் போதும், அந்த வித்தையைச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான். கொஞ்ச நேரம் பேனாவோடு நின்றேன். பிறகு இன்றைய காலைக் கட்டத்தில் ஒரு சைபர் போட்டேன். பக்கத்தில் 'மெயின் அணைந்திருந்தது, நான் போட்டேன்' என்று எழுதினேன். மாலைக் கட்டத்தைக் காலியாகவே விட்டேன்.

வீட்டுக்கு வந்து என் போனைப் போட்டேன். மகன் வாங்கிக்கொடுத்த போன். எந்நேரமும் விழித்துக்கொண்டிருக்கிற சாமான் வீட்டில் எதற்கு என்று அணைத்தே வைத்திருப்பேன். போட்டதும் தொடர்ந்து ஏழு தடவை கொக்கரித்தது. நேற்று மத்தியானம் ஒன்றிலிருந்து நாலே முக்கால் வரை ஏழு அழைப்பு. எல்லாம் அவர்.

நாலாம் நாள் வந்தார். நேராகப் பின்னறைக்குப் போய் நோட்டைப் பார்த்தார். நான் வாசற்படியில் நின்றேன். யார் அணைத்தது என்று கேட்கவில்லை. அவருக்குத் தெரிந்திருந்தது. ரயிலில் மதியம் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்கும்போது அந்த அம்மாவே சொல்லியிருக்கிறார், மெயினை அணைத்துவிட்டுத்தான் வந்தேன், அதுக்குத்தான் தனியாகப் பேட்டரி இருக்கே என்று. கரண்ட் போகிறபோதெல்லாம் பேட்டரி தாங்குவதைப் பார்த்துப் பார்த்து, விளக்கே அதில்தான் எரிகிறது என்று நினைத்துவிட்டார். இவர் சரி என்று தலையாட்டிவிட்டு, கை கழுவப் போகிற மாதிரி எழுந்து போய், கதவோரம் நின்று எனக்குப் போன் போட்டிருக்கிறார். ஏழு தடவை கை கழுவப் போனாராம். வயிறு சரியில்லையா என்று அம்மா மாத்திரை எடுத்துக் கொடுத்தாராம்.

"சாயங்காலம்?" என்று காலிக் கட்டத்தைத் தொட்டுக் கேட்டார்.

"வரல சார். மழை."

தலையை ஆட்டினார். அவ்வளவுதான். முன்னே திட்டாமல் விட்டபோது வந்த அதே எரிச்சல் எனக்கு வந்தது.

நான் சும்மா இருக்க மாட்டேன். பதினைந்து மணிதானே, கடைசியில் பதினைந்து மணி கூட்டி ஓட்டிவிட்டால் கணக்கு நேராகிவிடுமே என்றேன். அவர் பெட்டியைத் துணியால் துடைத்துக்கொண்டே சொன்னார். விளக்குக்கு ஓய்வு கொடுத்தால் தேய்ந்ததில் கொஞ்சம் தானாகவே தேறிக்கொள்ளுமாம்.

"நடுவுல படுத்துத் தூங்கி எழுந்தவன், ராத்திரி பூரா முழிச்சிருந்தேன்னா யாருண்ணே நம்புவா? நீங்க நம்புவீங்களா?"

நான் நம்ப மாட்டேன்.

முதலிலிருந்து ஓட்டினால் இன்னும் பதினாலு மாதம். எட்டும் உயிரோடுதான் இருந்தன, ஓட்டலாம். இரண்டு நாள் அவர் அதையே யோசித்துக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன். தேநீர் போட்டு என்னையும் கூப்பிடுவார். இரண்டு கிழவர்கள் ஒரு பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து கோப்பையை ஊதிக்கொண்டிருந்தோம். மூன்றாம் நாள், மறுபடி ஓட்டவில்லை என்றார். ஓட்டினால் ஏன் என்று வீட்டுக்காரி கேட்பாள் என்றார்.

"கேக்கட்டுமே சார். செஞ்சது யாருன்னு அவங்களுக்குத் தெரிய வேணாமா? தெரியாம செஞ்சாலும் செஞ்சதுதானே."

"முப்பது வருஷம் இந்த விளக்குக்காக அவ எதையெல்லாம் விட்டான்னு உங்களுக்கே தெரியும். கடைசியில அதை அணைச்சது நீதான்னு நான் போய்ச் சொல்லவா?"

"அப்ப நான் வராததை மட்டும் சொல்லுங்க. என் தலையில போடுங்க. நான் தாங்குவேன்."

"உங்க மேல போட்டா மெயின் எப்படிப் போச்சுன்னு கேப்பா. அவ தபால் ஆபீஸ்காரி. ஒரு கடிதாசி விட்டுப்போனா எந்தப் பையில விட்டுப்போச்சுன்னு தேடிக் கண்டுபிடிக்கிறவ."

மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. பெட்டி தன்பாட்டுக்கு ஓடியது. அணைக்க அவருக்கு மனசு இல்லை, பார்க்கவும் மனசு இல்லை. நான்தான் காலையும் மாலையும் போய் எண்ணை எழுதினேன். ஒரு வேளை தவறவில்லை. இனி அந்த நோட்டை யாரும் பார்க்கப்போவதில்லை என்று தெரிந்த பிறகுதான் எனக்கு அந்த ஒழுங்கு வந்தது.

மெயினைப் போட்டதிலிருந்து பன்னிரண்டாம் நாள் மத்தியானம் அம்மா போன் செய்தார். அன்றோடு கணக்கு முடியும் என்று அவருக்கும் தெரியும், காலண்டரில் குறித்து வைத்திருந்தவர். வாத்தியார் போனை மேஜைமேல் வைத்து எனக்கும் கேட்கிற மாதிரி வைத்தார். பின்னால் குழந்தை சிணுங்கியது.

"என்ன, முடிஞ்சதா? எவ்வளவு காட்டுது?"

வாத்தியார் மணிக்கணக்கைப் பார்த்தார். நானும் பார்த்தேன். ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தெட்டு.

"பத்தாயிரத்து மூணு," என்றார்.

அந்தப் பக்கம் அந்த அம்மா அழுகிற சத்தம். எட்டும் எரியுதா என்று கேட்டார். எட்டும் எரிகிறது என்றார் இவர். அது உண்மைதான். "அப்ப கிளம்பி வாங்க," என்றார் அம்மா. "இங்க ஒருத்தி கொட்டக் கொட்ட முழிச்சிட்டு இருக்கா, அவளையாவது கண்ணால பாக்கலாம்."

போனை வைத்த பிறகு நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அணைந்து கிடந்த பதினைந்து மணி நேரத்தையும் கூட்டிச் சொல்லியிருக்கிறார். வெறும் பத்தாயிரம் என்று வாய்க்கு வந்ததைச் சொல்லியிருந்தால் ஒரு பொய் என்று விட்டிருப்பேன். இது அந்த அம்மா மெயினை அணைக்காமல் போயிருந்தால் அந்த நிமிஷம் அங்கே நின்றிருக்க வேண்டிய எண். ஒரு மணிகூடக் கூட்டவில்லை, குறைக்கவில்லை. என் பம்பு நோட்டில் மூன்று நாள் பொய்யெண்ணைப் பொறுக்காதவர்.

இன்னும் பன்னிரண்டு மணி நேரம் விட்டால் பெட்டியே பத்தாயிரம் காட்டிவிடும், விட்டு வையுங்கள் சார் என்றேன். வேண்டாம் என்றார். நோட்டின் கடைசிக் கட்டத்தில் மணிக்கணக்கு 9988 என்று எழுதி, அடியில் 'நடுவில் பதினைந்து மணி நேரம் அணைந்தது' என்று கோடு போட்டு மூடினார். கம்பெனிக்கும் அதையேதான் எழுதினாராம். அவர்கள் பதில் போடவில்லை.

"நீங்க அணைச்சிடுங்கண்ணே. எனக்குக் கை வரல."

சுவிட்சில் கை வைத்தேன். இருங்கள் என்று தன் போனை எடுத்து, போட்டோ பிடிக்கிற பக்கத்தைத் திறந்து, பெட்டியின் சிறு கண்ணாடிக்கு நேரே பிடித்தார். இதை ஏன் இத்தனை வருஷம் எனக்குக் காட்டவில்லை என்று தெரியவில்லை. நானும் கேட்டதில்லை. போனில் எட்டுப் புள்ளி தெரிந்தது. கத்திரிப்பூ நிறத்தில், வரிசையாக, வெளிறிப்போய். போனை விட்டுக் கண்ணைத் தூக்கி நேராகப் பார்த்தேன். கறுப்பாக இருந்தது. மறுபடி போன். எட்டுப் புள்ளி.

"இப்ப நம்புறீங்களா?"

"போனுக்குள்ள என்ன வேணா காட்டுவான் சார். என் பேரன் நேத்து அதுல பூனை மூஞ்சியோட வந்து பேசினான்."

அவர் சிரித்தார். ரொம்ப நாளைக்குப் பிறகு. சிரித்துக்கொண்டே இருக்கும்போது நான் அணைத்தேன். என் கண்ணுக்கு அறையில் ஒன்றும் மாறவில்லை. அதே மேஜை, அதே சுவர், ஜன்னலில் அதே மழை. அவர் மட்டும், பளிச்சென்று எரிந்த விளக்கு திடீரென்று போனால் ஆள் எப்படி நிற்பானோ அப்படி, ஒரு கையை மேஜையில் ஊன்றிக்கொண்டு நின்றார்.

சாவியை மேஜைமேல் வைத்துவிட்டு வெளியே வந்தேன். இத்தனை கணக்குப் பார்க்கிறவர் அந்த அம்மாவுக்கு மட்டும் தப்புக் கணக்குச் சொன்னது சரி என்று எனக்கு அன்றைக்கும் படவில்லை. செய்தவளுக்குத் தெரியாத தப்பு எங்கே போய்ச் சேரும்? யாராவது ஒருவர் சுமந்துகொண்டுதான் திரிய வேண்டும். தெருவைத் தாண்டி என் படியில் ஏறும்போது திரும்பிப் பார்த்தேன். அவர் வீட்டுப் பின்னறை ஜன்னல் போன வாரம் எப்படி இருந்ததோ அப்படியேதான் இருந்தது. அங்கே பதினாலு மாதம் எட்டு விளக்கு எரிந்தது என்று யார் சொன்னாலும் நான் நம்ப மாட்டேன். உள்ளே போய் என் போனைப் போட்டேன். அன்றிலிருந்து அதை அணைப்பதில்லை. அவர் மகள் ஊருக்குப் போய்ச் சேர்ந்து இத்தனை நாள் ஆகிறது, அவர் கூப்பிட்டு அது இன்னும் ஒரு தடவையும் அடிக்கவில்லை.